ஏழாம் தளத்துக் கவிநிலா

என் தங்கை ரேணுகாம்பாளின் வீட்டுக்காரர் சக்கரபாணியைப் பற்றி யாராவது கேட்டால், கப்பலில் வேலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நின்றால் வம்பு. துறைமுகமா, கண்டெய்னரா, எவ்வளவு சம்பளம் என்று நோண்டுவார்கள். அவர் இருப்பது உல்லாசக் கப்பலில். மூவாயிரம் பேர் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டே கடலைச் சுற்றி வருகிற கப்பல் அது. "நம்மூரு கிரிவலம்தான், நடக்க வேணாம், சாமியும் இல்ல" என்று அவர் எதிரிலேயே கேலி பண்ணியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார். சத்தம் வராமல் சிரிப்பார்.

என் பேர் எழிலரசி. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் பெயர்த் திருத்த மனுக்களைப் பார்க்கிறேன். ஓர் எழுத்து மாற்றுவதற்கு மூன்று சான்று கேட்பேன், நாலு தடவை அலைய விடுவேன் என்று வெளியே பேச்சு. மூன்று சான்று கேட்பது நிஜம், அலைய விடுவது சுத்தப் பொய். பேர் விஷயத்தில் விளையாடக் கூடாது என்று இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். அப்படிப்பட்ட நானே ஒரு பேரைக் கொண்டுபோய் நடுக்கடலில் மாட்ட உதவி செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சக்கரபாணி அடி அண்ணாமலைக்காரர். கிரிவலப் பாதையை ஒட்டி வீடு, பின்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற ஒன்றரை ஏக்கர் நிலம். படிக்கிற காலத்தில் பௌர்ணமி தவறாமல் வீட்டு வாசலில் டீ போட்டு விற்றவர். பிறகு கேட்டரிங் படித்துவிட்டு, இரண்டாயிரத்து ஒன்பதில் கப்பலேறினார். முதல் மூன்று வருஷம் தட்டு கழுவினார். அப்புறம் தட்டு தூக்கினார். அப்புறம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற மேஜைக்குப் பானம் கொண்டுபோய் வைக்கிறவர் ஆனார். எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. லீவுக்கு வந்தால் இங்கேயும் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். "உக்காருங்க மாப்ள, இன்னா இது" என்று நான் துணியைப் பிடுங்கி வைப்பேன்.

வாயைத் திறந்தால் கப்பலைப் பற்றித்தான் பேசுவார். அதிலும் அங்கே பேர் வைக்கிற கதை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

"கப்பல் கட்டும்போது எந்த எடத்துக்கும் பேர் கெடையாதுக்கா. நம்பர்தான். ஏழாவது மாடின்னா ஏழு, அப்புறம் எரநூத்தி பதினாலுனு ஒரு நம்பர். அப்புறம் கம்பெனி ஆபீஸ்ல ஒரு கூட்டம் உக்காந்து, இது லைப்ரரி, இது தோட்டம், இது இத்தாலினு எழுதுவாங்க. லைப்ரரில புக்கு இருக்காது. தோட்டத்துல மண்ணு இருக்காது. இத்தாலில சமைக்கிறவன் நம்ம ஆரணிக்காரன்."

ஒரு கேப்டனின் மனைவி பேரில் ஒரு பார் இருந்ததாம். கேப்டன் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த அம்மா பேரையும் கழற்றிவிட்டார்களாம். பேர் சின்னதாக இருக்க வேண்டும், எல்லா நாட்டுக்காரன் வாயிலும் நுழைய வேண்டும், எந்த மொழியிலும் கெட்ட அர்த்தம் வரக் கூடாது, சாமி பேர் கூடாது. இத்தனை சட்டமா என்று நான் வாயைப் பிளந்தேன். எங்கள் அலுவலகத்திலாவது மூன்று சான்றோடு விட்டுவிடுகிறோம்.

அவர்களுக்கு ஒரே பெண். கவிநிலா. பேர் வைத்த அன்றைக்கு அவர் லீவில் இருந்தார். மடியில் போட்டுக்கொண்டு அவர்தான் காதில் மூன்று தடவை சொன்னார். குழந்தை துறுதுறுவென்று இருக்கும். வாசல் கேட்டுத் தாழ்ப்பாள் எட்டாது, ஆனாலும் எக்கி எக்கித் தூக்கித் திறந்துவிடும். வீட்டுக்குள் இருக்கிற நேரத்தைவிட வாசலில் இருக்கிற நேரம் ஜாஸ்தி.

இரண்டாயிரத்துப் பதினேழில், கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது காய்ச்சல் என்று படுத்தாள். தீபத்தன்று சாயங்காலம் போய்விட்டாள். ஏழு வயது. மலை மேலே தீபம் தெரிந்து ஊரே அரோகரா என்று கத்திய நேரத்தில் ஆஸ்பத்திரி வராண்டாவில் நானும் ரேணுவும் நின்றோம். அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

கப்பலுக்குத் தகவல் சொன்னதும் நான்தான். அவர் கப்பல் அப்போது கரீபியன் கடலில் இருந்தது. ஏழாம் தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே, மூடிப்போன ஒரு கைக்கடிகாரக் கடைக்கு முன்னால்தான் போனில் பேச்சு தெளிவாகக் கேட்கும். கையில் டிரேயோடு அங்கே வந்து நின்று பேசினார். "மாப்ள, பாப்பா போயிட்டா" என்றேன். "சரிங்கக்கா" என்றார். பிறகு அந்த டிரேயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வேலை முடிகிறவரை பரிமாறிக்கொண்டே இருந்தாராம். அழுதால் அங்கேயே விழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது என்று பின்னால் சொன்னார். கரை சேர்ந்து, விமானம் பிடித்து வந்து நின்றபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. சின்னக் குழந்தை என்று புதைத்திருந்தோம். அவர் பார்த்தது காய்ந்த மண்ணைத்தான்.

சாவுக்கு வந்தவர்களில் யாரோ ரேணுவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். செத்த பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்கும், திரும்பிப் பார்த்தால் போக வழி தெரியாமல் நின்றுவிடும் என்று. அன்றோடு அந்த வீட்டில் அந்தப் பேர் நின்றது. ஸ்கூல் நோட்டை எல்லாம் கட்டிப் பரணில் போட்டாள். சொல்ல வேண்டியிருந்தால் பாப்பா என்போம். நானும் அப்படித்தான். வாய்க்குப் பூட்டுப் போட முடியாதவள் என்று பேர் எடுத்த நானே ஆறு வருஷம் அந்த நாலு எழுத்தை உச்சரிக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் கப்பலைப் புதுப்பித்தார்கள். அந்தப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த கடையை இடித்துவிட்டு, டீ, காபி குடிக்க ஒரு சின்னக் கூடம் அமைத்தார்கள். அதற்கு ஊழியர்களே பேர் சொல்லலாம் என்று ஒரு போட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, ஒரு ஃபாரம் இருக்கு. இங்கிலீஷ்ல நாலு வரி எழுதித் தரணும்."

"இன்னா பேரு?"

சொன்னார். ஆறு வருஷமாக நாங்கள் யாரும் சொல்லாத பேர்.

"ரேணுகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிக்கலாம்க்கா. அந்த எடத்துலதான் நான் சேதியக் கேட்டேன். அந்த எடத்துக்கு வேற எவனாவது பேர் வெச்சா என்னால அங்க நிக்க முடியாது."

அதோடு நான் போனை வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. நிலவையும் கவிதையையும் சேர்த்த தமிழ்ப் பேர், எல்லோர் வாயிலும் வரும் என்று அழகாக எழுதினேன். படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இது உயிரோடு இருக்கும் ஒருவருடைய பெயரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். வாசித்துக் காட்டினேன். கடலின் இரைச்சல் மட்டும் கேட்டது. இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பாவி, நான் செய்தது அது.

அறுநூறு பேரில் அவளுடைய பேர்தான் ஜெயித்தது. வெள்ளைச் சுவரில் பித்தளை எழுத்து. அதற்குக் கீழே கைகட்டி நின்று அவர் எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்து நான் அலுவலகக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அவர் கேட்டு வாங்கி அந்தக் கூடத்துக்கே வேலை மாற்றிக்கொண்டார். போன் பண்ணும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார்.

"தெனம் காலைல பத்து மணிக்கு ஸ்பீக்கர்ல சொல்றாங்கக்கா, கவிநிலா தொறந்தாச்சுனு. கப்பல் பூரா கேக்கும். வாக்கி டாக்கில கூப்புடுறான், கவிநிலாவுக்கு ஐஸ் வேணும்னு. ஒரு அம்மா, கவிநிலா ரொம்ப சில்லுனு இருக்குனு கம்ப்ளைண்ட். நேத்து ஒருத்தன் சொல்றான், கவிநிலால யாருமே இல்லனு. முதுகுக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரியே இருக்குக்கா. திரும்பினா இல்ல. ஆனா பயமா இல்ல. நல்லாதான் இருக்கு."

எனக்கு நல்லாயில்லை.

ரேணுவிடம் அவரே சொன்னார், அதுவும் வீடியோவில். அங்கே காலை பத்து, இங்கே இரவு ஏழரை. நான் ரேணு வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கேமராவைத் திருப்பிப் பித்தளை எழுத்தைக் காட்டினார். அதே நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் சிரித்துக்கொண்டே அந்தப் பேரைச் சொன்னது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் கேட்ட பேர் அது. ரேணு போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். திட்டவில்லை, அழவில்லை. எழுந்து போய் வாசலைப் பார்த்து நின்றாள்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. ஏழரைக்குக் கேட்டுத் தாழ்ப்பாள் தானாகத் தூக்கிக்கொள்கிறது என்றாள்.

"நாய் முட்டும்டி."

"நாய் தாப்பாளத் தூக்குமாக்கா?"

"காத்துடி. கம்முனு படு, சரியாப் பூடும்."

ஒரு மாதம் இப்படியே ஓட்டினேன். சோறு இறங்காமல் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது அவளுக்கு. சரி, உட்கார்ந்து பார்த்துவிட்டு நாலு விடு விடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை போனேன். விளக்கைப் போட்டு, கேட்டுக்கு நேராக நாற்காலி போட்டுக்கொண்டேன். காற்று இல்லை. வாசலில் ஆள் இல்லை. ஏழரைக்குத் தாழ்ப்பாள் அசைந்தது. எட்டாத கை எக்கித் தூக்குவது போலப் பாதி வரை ஏறி, நழுவி, டங்கென்று விழுந்தது. மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது. மூன்று சான்று கேட்கிற நான் மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன்.

"பார்த்தியாக்கா," என்றாள் ரேணு. "அங்க கூப்புடுறாங்க. அவ வூட்லதான் கூப்புடுறாங்கனு இங்க வரா. வந்து பார்த்தா யாரும் கூப்புடல. எம்புள்ளய இப்டி அலைய வுடுறாங்களே. அந்தப் பேர எடுக்கச் சொல்லுக்கா. அவ போவட்டும்."

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான். பேர் இறங்க வேண்டும், பிள்ளை போய்ச் சேர வேண்டும். மோட்ச தீபம் போடலாம் என்று பெரிய கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேர் என்ன என்று குருக்கள் கேட்டார். ரேணுவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் சொல்கிறேன் என்று வாயெடுத்தேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவள் நகம் பட்ட தடம் ஒரு வாரம் இருந்தது.

ரேணு விடாததால், பேரை எடுக்கச் சொல்லிச் சக்கரபாணி மேலதிகாரியிடம் கேட்டார். மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன், இந்த முறை அழகெல்லாம் பார்க்காமல். பதில் நாலு வரி. உங்கள் உணர்வை மதிக்கிறோம். பெயர் நிறுவனத்துக்குச் சொந்தம். கோப்பையிலும் கை துடைக்கிற தாளிலும் அச்சாகிவிட்டது. அடுத்த முறை கப்பலைப் புதுப்பிக்கும்போது பரிசீலிப்போம். அந்த மாதிரிப் பதிலை ஆயிரம் பேருக்கு நான் எழுதியிருக்கிறேன். வாங்குகிற பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை.

அடுத்த லீவுக்கு வந்தபோது இருவருக்கும் பெரிய சண்டை. அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு உயர்த்தினார்.

"நீ அவளக் கடைசி வரைக்கும் பார்த்த. குளிப்பாட்டின, பூ வெச்ச. நான் இன்னா பார்த்தேன்? மண்ணு. அவ காதுல மூணு வாட்டி நான் சொன்ன பேரு அது. இந்த வூட்ல அதுக்கு எடமில்லனு பண்ணிட்ட. அங்கயாவது எரநூறு பேரு சொல்றான்."

"சொல்லிச் சொல்லித்தான் அவ போவாம நிக்கிறா!"

"நிக்கட்டுமே! நின்னா இன்னா?"

ரேணு சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் உட்கார்ந்து துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். இந்த முறை நான் துணியைப் பிடுங்கவில்லை. ஒரு வாரம் முன்னதாகவே கிளம்பிப் போனார். போகும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தாழ்ப்பாள் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. ரேணு முதலில் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் பொத்துவதை விட்டாள். ஏழரைக்கு முன்னால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தாள். டங்கென்று விழும்போது அவள் முகத்தை நான் ஓரிரு முறை பார்த்தேன். பயம் என்றுதான் நினைத்தேன். நினைப்பில் மண்ணைப் போட.

போன ஆண்டு ஆவணியில் அந்தக் கப்பலை வேறொரு கம்பெனிக்கு விற்றார்கள். வாங்கினவர்களுக்குப் பழைய பேர் ஒன்றும் வேண்டாம். கைமாற்றுவதற்கு முன்னால் பார், ஹோட்டல், தியேட்டர் என்று எல்லாப் பலகையையும் இரண்டே நாளில் கழற்றினார்கள். சக்கரபாணி எனக்கு ஒரு படம் அனுப்பினார். வெள்ளைச் சுவர். எழுத்து இருந்த இடத்தில் வரிசையாக ஆணி ஓட்டைகள். பக்கத்தில் யாரோ பென்சிலால் ஏழு, இருநூற்றுப் பதினாலு என்று எழுதியிருந்தார்கள்.

நான் ஆட்டோ பிடித்து ஓடினேன். தங்கைக்கு நல்ல சேதி கொண்டுபோகிற சந்தோஷம் எனக்கு.

"முடிஞ்சிதுடி ரேணு! கழட்டிட்டாங்க! இனிமே எவனும் கூப்புட மாட்டான்."

படத்தை வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். ஓட்டை ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்தாள். சமைத்தாள், எனக்கும் போட்டாள். ஏழேகாலுக்கு இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தோம்.

ஏழரை ஆயிற்று. தாழ்ப்பாள் அசையவில்லை.

ஏழே முக்கால். பௌர்ணமிக்கு முந்தின நாள் என்பதால் பாதையில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. எட்டு மணி. "பார்த்தியா, போய்ச் சேர்ந்துட்டா" என்று அவள் முதுகைத் தடவினேன்.

"போயிட்டாளாக்கா?"

"போயிட்டாடி. நீ கேட்ட மாதிரியே."

"நான் கேட்டேனா? நானா கேட்டேன்?" என்று என் சேலையைப் பிடித்து உலுக்கினாள். "இத்தினி வருஷமா அவ பேரச் சொன்னவங்க, அவரத் தவிர ஒருத்தர்கூட அவ மூஞ்சியப் பார்த்ததில்ல. பெத்தவ நான். நான் ஒரு வாட்டிகூட சொல்லலயேக்கா. தெனம் வந்து நின்னாளே. வாடினு ஒரு வார்த்த சொன்னேனா?"

ரேணு எழுந்து போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு தடவை மூச்சை இழுத்தாள். மூன்றாவது தடவை குரல் வந்தது. அழுகைக் குரல் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வராத பிள்ளையைக் கூப்பிடுகிற, பாதி எரிச்சலான, தினசரிக் குரல்.

"கவீ! ஏய் கவிநிலா! சோறு ஆறுது, வாடி உள்ள!"

பாதையில் நடந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் நின்று திரும்பிப் பார்த்தது. அவர்களோடு வந்த பெண் குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது. பிறகு நடந்து போனார்கள். யாரும் வரவில்லை. ரேணு மறுபடியும் கூப்பிட்டாள்.